மீசைக்கு மேல் ஒரு மாஸ்க்

நான் குறட்டை விடுவது எங்கள் தெருவுக்கே தெரியும். திண்டிவனத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் புதிதாக நாய் வாங்கியபோது, அது முதல் வாரம் முழுக்க எங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்தே குரைத்தது என்று சொல்லிச் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். குறட்டையை இங்கே யாரும் நோய் என்று நினைப்பதில்லை. "மனுசன் கவலை இல்லாம தூங்குறாரு" என்று என் மனைவியிடம் பொறாமைப்பட்டவர்கள் உண்டு. அந்தக் கவலையில்லாத மனிதன் மறுநாள் விழுப்புரத்தில் தன் அலுவலகத்துக் கோப்பின் மேல் நெற்றியை வைத்துத் தூங்குவான். அரசாங்க உத்தியோகம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தார்கள்.

இந்தச் சிரிப்பெல்லாம் கூட்டேரிப்பட்டில் முடிந்தது. ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு நானும் மனைவியும் வண்டியில் மயிலத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். ஒரு செருப்புக் கடையின் போர்டைப் படித்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது, என்னைச் சுற்றி இளநீர் காய்கள் ரோட்டில் உருண்டுகொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் நான் தூங்கியிருக்கிறேன். மனைவியின் முழங்கால் கிழிந்து ரத்தம் புடவையை நனைத்துக்கொண்டிருந்தது. இளநீர் வண்டிக்காரர் என் சட்டையைப் பிடித்து, "குடிச்சிக்கிறியா?" என்று கேட்டார். இல்லை, தூங்கிவிட்டேன் என்றேன். குடித்திருந்தாலாவது மன்னித்திருப்பேன் என்பது போல அவர் பார்த்தார்.

தையல் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் மனைவி வண்டிச் சாவியை எடுத்துத் தன் பீரோவில் வைத்துப் பூட்டினாள். "உங்களுக்கு ஏதோ இருக்குதுங்க. அது இன்னான்னு தெரியாம நீங்க வண்டிய தொடக்கூடாது" என்றாள். அவள் சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். சாதாரணமாகச் சொன்னதால் பயந்துபோய் டாக்டரிடம் போனேன்.

உடம்பெல்லாம் ஒயரை ஒட்டி ஒரு இரவு தூங்க வைத்தார்கள். தூக்கத்தில் என் தொண்டை அடைத்துக்கொண்டு மூச்சு நின்று நின்று வருகிறதாம். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவை என்று டாக்டர் சொன்னதை நம்பாமல் மனைவி திருப்பிக் கேட்டாள். அவர் அதே எண்ணைத் திரும்பச் சொன்னார். "இப்படியே விட்டா வண்டியிலயும் போகலாம், கட்டில்லயும் போகலாம்" என்றார். வண்டியில் போவதைப் பற்றி அவர் பேசவில்லை என்பது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இருபத்தைந்து வருடமாக வீடே காதைப் பொத்திக்கொண்டது என் சாவைக் கேட்கச் சகிக்காமல்தான் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

மருந்து கிடையாது. ஒரு சின்ன மெஷின், அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் ஒரு மாஸ்க். மாஸ்க்கை முகத்தில் மாட்டிக்கொண்டு படுத்தால் மெஷின் காற்றை உள்ளே தள்ளித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும். கேட்பதற்கு எளிமையாக இருந்தது. மெஷினில் ஒரு குறையும் இல்லை. வம்பெல்லாம் மாஸ்க்கில்தான்.

விழுப்புரத்தில் ஆஸ்பத்திரிச் சாமான்கள் விற்கும் கடை ஒன்றில் இதை வாங்கச் சொன்னார்கள். கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். வீல் சேர், வாக்கிங் ஸ்டிக், கழுத்துப் பட்டை என்று சுற்றிலும் மனிதனின் அத்தனை துன்பங்களையும் தொங்கவிட்டுவிட்டு நடுவில் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். முதலில் மூக்கை மட்டும் மூடுகிற மாஸ்க் கொடுத்தார். மாட்டிப் பார்த்தேன். அசௌகரியமாக இருக்கிறதே என்றேன். "பழகிடும் சார்" என்றார். பின்னால் தெரிந்தது, அந்தக் கடையில் எல்லா நோய்க்கும் அது ஒன்றுதான் மருந்து.

பழகவில்லை. என் மீசையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். இருபது வயதிலிருந்து வளர்த்தது. அடர்த்தியாகக் கிளம்பி, உதட்டின் இரண்டு ஓரத்தையும் தாண்டி, கீழே வளைந்து தாடை வரைக்கும் இறங்கும். அலுவலகத்தில் என்னைப் பார்க்க வருகிறவர்களிடம் "அந்த மீசைக்காரர் சீட்டு" என்றுதான் கை காட்டுவார்கள். மாஸ்க்கின் ரப்பர் இந்தப் புதர் மேல் உட்கார்ந்ததும் காற்று இடுக்கு வழியாகக் கிளம்பி நேராக என் கண்ணுக்குள் அடித்தது. காலையில் பார்த்தால், மிளகாய் அரைத்தவன் தேய்த்துக்கொண்டது போல இரண்டு கண்களும் சிவந்திருந்தன. மெஷினின் சின்னத் திரையில் ஒரு முகம் வரும். காற்று ஒழுகாமல் தூங்கியிருந்தால் பச்சை முகம் சிரிக்கும். ஒழுகியிருந்தால் சிவப்பு முகம் சுளிக்கும். ஐம்பத்து நாலு வயதில், எழுந்ததும் முதல் காரியமாக ஒரு பெட்டி என்னைப் பார்த்து முகம் சுளித்தது. அலுவலகத்துக்குப் போனால் மேலதிகாரி அதையே செய்தார்.

இரண்டாவது மாஸ்க், மூக்கு ஓட்டைகளில் செருகிக்கொள்கிற மாதிரி இரண்டு ரப்பர் மொட்டுகள். மீசைக்குத் தொந்தரவில்லை. ஆனால் தூங்கியதும் எனக்கு வாய் பிளந்துகொள்ளும். மூக்கு வழியாகப் போன காற்று வாய் வழியாக உஸ்ஸென்று வெளியே வந்தது. வீட்டில் பாம்பு புகுந்துவிட்டதென்று மனைவி விளக்கைப் போட்டாள். நாலாம் நாள் மூக்குக்குள் புண். கடைக்காரரிடம் போய்க் காட்டினேன். அண்ணாந்து பார்த்துவிட்டு, "பழகிடும் சார்" என்றார்.

மூன்றாவது, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற பெரிய மாஸ்க். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தபோது போர் விமானம் ஓட்டப் போகிறவன் போலத்தான் இருந்தேன். தொப்பைதான் பொருந்தவில்லை. இந்த மாஸ்க் மீசையின் இரண்டு வால்களின் மேலும் ஏறி உட்கார்ந்தது. விளைவு, இரண்டு பக்கமும் விசில். பட்டையை இறுக்கினேன். விசில் இன்னும் மெல்லிசாகக் கேட்டது. மேலும் இறுக்கினேன். மறுநாள் கன்னத்தில் இருந்த தடத்தைப் பார்த்து, "வீட்ல ஏதாச்சும் பிரச்சினையா சார்?" என்று பியூன் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்.

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். சுடுதண்ணீரில் மிளகு போட்டுக் குடி என்றார் ஒருவர். பனியனின் முதுகுப் பக்கம் ஒரு பந்தை வைத்துத் தைத்துக்கொண்டால் மல்லாந்து படுக்க முடியாது என்றார் இன்னொருவர். பந்தையும் தைத்துப் பார்த்தேன். மல்லாந்துதான் படுத்தேன், பந்தின் மேல். பகலில் தூக்கம் மட்டும் நிற்கவில்லை. ஒரு நாள் பஸ்ஸில் விழுப்புரத்தைத் தாண்டி உளுந்தூர்பேட்டையில் கண் விழித்தேன். பக்கத்தில் இருந்தவர், "ரொம்ப நேரமா மூச்சு விடாம இருந்தீங்க, எழுப்பலாமா வேணாமான்னு பார்த்துக்கினு இருந்தேன்" என்றார். யோசித்துவிட்டுச் சொல்லுங்கள் என்றேன்.

அதைக் கேட்ட மனைவி, அடுத்த நாளே என்னோடு விழுப்புரத்துக்குக் கிளம்பி வந்தாள். கடையில் மூன்றாவது மாஸ்க்கை என் முகத்தில் மாட்டி, மெஷினை ஓட விட்டு, "கேளுங்க" என்றாள். விசில் அடித்தது. கடைக்காரர் கிட்டே வந்து குனிந்தார். மீசையின் வலது வால் வரைக்கும் விரலை நீட்டியவர், சுட்டது போல விரலை இழுத்துக்கொண்டார். பிறகு சம்பந்தமே இல்லாமல் கேட்டார்.

"ஊர்ல பெரியவங்க எல்லாம் சௌக்கியமா சார்?"

"எந்தப் பெரியவங்க?"

"இல்ல… அப்பா…"

"கண்டாச்சிபுரத்துல இருக்காரு. எண்பத்தி நாலு வயசு. தெனம் ரெண்டு மைல் நடக்குறாரு."

கடைக்காரரின் முகம் வாடியது. ஒரு மனிதன் நன்றாக இருக்கிறான் என்ற செய்தியைக் கேட்டு இன்னொருவன் அப்படி வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. "அப்போ ஒண்ணும் சொல்றதுக்கில்ல சார். பழகிடும்" என்றார்.

என் மனைவிக்குத்தான் முதலில் புரிந்தது. "மீசைய எடுக்கணுமா?" என்றாள்.

"நான் சொல்லல மேடம். நீங்கதான் சொன்னீங்க. இவங்களும் சாட்சி" என்று, வாக்கர் வாங்க வந்திருந்த அம்மாவைக் காட்டினார்.

எங்கள் பக்கத்தில் அப்பா உயிரோடு இருக்கும்போது பிள்ளை மீசையை எடுக்கமாட்டான். அப்பா போனால்தான் எடுப்பான். சாமிக்கு மொட்டை போட்டால் தலையோடு மீசையும் போகும், அது வேறு கணக்கு. தலையில் முடி அப்படியே இருக்க, மீசையை மட்டும் இழந்து ஒருவன் தெருவில் நடந்தால், எதிரே வருகிறவன் கேட்கிற முதல் கேள்வி "எப்போ?" என்பதுதான். இந்த ஒரு வாக்கியத்தை என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு இந்த மனிதர் என் தலையில் மூன்று மாஸ்க்குகளைக் கட்டியிருக்கிறார். அவருக்கு வாடிக்கையாளர் செத்தால் பரவாயில்லை, வாடிக்கையாளரின் அப்பாவை அபசகுனமாகப் பேசிவிடக் கூடாது. எனக்கு வந்த கோபத்தை மாஸ்க் வழியாகச் சொன்னேன். நல்லவேளையாக எதுவும் தெளிவாகக் கேட்கவில்லை.

திண்டிவனத்தில் எனக்கு வழக்கமாக முடி வெட்டுகிறவரிடம் போனேன். விஷயத்தைச் சொன்னதும் கத்தியை மேசையில் வைத்துவிட்டார். "அப்பாவுக்கு போன் போட்டுக் குடுங்க சார். அவரு வாயால எடுன்னு சொல்லட்டும். நாளைக்கு ஒண்ணு ஆச்சின்னா எனக்கு எதுக்கு பேஜாரு?" என்றார். இது வைத்தியத்துக்காக என்று விளக்கினேன். கொஞ்சம் யோசித்து, "அப்போ மொட்டையும் சேத்து அடிச்சிடலாம். மேல்மலையனூர் வேண்டுதல்னு சொல்லிக்கலாம்" என்றார். தூங்குவதற்காக அங்காளம்மன் பேரில் பொய் சொல்லச் சொல்கிறீர்களா என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே கத்திரிக்கோலை எடுத்தேன். இரண்டு வால்களை மட்டும் வெட்டுவதாகத்தான் திட்டம். இடது பக்கம் கொஞ்சம் அதிகமாகப் போனது. வலது பக்கத்தைச் சரிசெய்தேன். இப்போது இடது பக்கம் நீளமாகத் தெரிந்தது. இப்படியே நீதி வழங்கிக்கொண்டே வந்ததில், மூக்குக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு மட்டும் மிச்சமிருந்தது. உலகப் போரை ஆரம்பித்து வைத்தவனைப் போல இருந்தேன். அதையும் வழித்துப் போட்டேன்.

கண்ணாடியில் என்னைப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. சகுனம், சம்பிரதாயம் எல்லாவற்றையும் அலுவலகத்தில் உட்கார்ந்து கிண்டல் செய்கிறவன் நான். அந்த வெறும் உதட்டைப் பார்த்ததும் அப்பாவை நானே சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு வந்தது போல இருந்தது. காபி கொண்டு வந்த மனைவி என்னைப் பார்த்தாள், காபியைக் கீழே வைத்தாள், போனை எடுத்தாள். "மாமா, நல்லா இருக்கீங்களா? சாப்டீங்களா? ஒண்ணுமில்ல மாமா, சும்மாதான்" என்றாள். வைத்துவிட்டு என்னிடம், "இட்லி சாப்டுறாராம்" என்றாள்.

வெயிலுக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மீன் வாங்கப் போனேன். மரக்காணத்து வஞ்சிரம் நன்றாக இருந்தது. அந்த நேரத்தில் என் அலுவலகத்து டைப்பிஸ்ட் பஸ்ஸில் அந்த வழியாகப் போயிருக்கிறார். ஜன்னலிலிருந்து அவருக்கு என் மீசையில்லாத முகம் தெரிந்திருக்கிறது, தலையில் துண்டு தெரிந்திருக்கிறது. கையில் இருந்த மீன் மட்டும் தெரியவில்லை.

அன்று இரவு மாஸ்க் பொருந்தியது. விசில் இல்லை, கண்ணில் காற்று இல்லை. ரப்பர் முகத்தில் பட்டும் படாமலும் இருந்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது, ஜன்னல் வழியாக வெயில் கட்டில் மேல் விழுந்திருந்தது. மணி பத்தரை, திங்கட்கிழமை. மெஷினில் பச்சை முகம் சிரித்துக்கொண்டிருந்தது. ஏன் எழுப்பவில்லை என்று கேட்டதற்கு மனைவி, "நீங்க இப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்லைங்க. மனசு வரல" என்றாள். இத்தனை வருடம் பக்கத்தில் படுத்து என் மூச்சுக்குக் காவல் இருந்தவள் அவள். அவளுக்கும் அதுதான் முதல் தூக்கம் என்பது முகத்தில் தெரிந்தது.

போன் சத்தமில்லாமல் கிடந்தது. அலுவலகத்திலிருந்து இருபதுக்கு மேல் அழைப்புகள். கடைசியாக வந்திருந்தது அப்பாவுடையது. கூப்பிட்டேன்.

"உன் ஆபீஸ்காரங்க மூணு பேரு மாலையோட வந்துக்கிறாங்க" என்றார் அப்பா. "நான் இன்னும் போவலன்னு சொல்லிட்டேன். உக்காந்து காபி குடிச்சிக்கினு இருக்காங்க. நீ வர்றியா?"

வருகிறேன் என்றேன்.

"ஏதோ மெஷின் வெச்சிக்கிறியாமே, இவங்க சொல்றாங்க. அதையும் எடுத்துக்கினு வா."

நானும் மனைவியும் விழுப்புரத்தில் பஸ் மாறிக் கண்டாச்சிபுரம் போவதற்குள் அலுவலகப் படை திரும்பிவிட்டது. மாலையைத் திரும்ப எடுத்துக்கொண்டு பஸ் ஏற அவர்களுக்கு முகமில்லை. கோயிலுக்கும் கொடுக்க முடியாது. அங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். என் தங்கை வீடும் அப்பா வீடும் ஒன்றுதான். அவள் அந்த மாலையைத் தொடமாட்டேன் என்று அழுதுகொண்டிருக்கும்போதே பின்கட்டில் கட்டியிருந்த மாடு அதைப் பாதி தின்று முடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் அழுகை இன்னும் கூடியது. "அப்பா கண்ணு முன்னாடி இப்படி வந்து நிக்கிறியே, உனக்கு எப்படிண்ணா மனசு வந்துச்சி?" என்றாள்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் என் உதட்டைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். வந்தவர்களில் ஒருவர் போனில் காட்டிய படத்தை அப்பா தங்கையின் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கி வைத்திருந்தார். அதை என்னிடம் நீட்டினார். எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்ட கண்ணீர் அஞ்சலி. அப்பாவின் தனிப் படம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. என் மகள் கல்யாணத்தில் எடுத்த படத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். அதில் அவர் பக்கத்தில் நானும் இருந்தேன், முழு மீசையோடு. கீழே எழுபது பேர் கைகூப்பி, ஆன்மா சாந்தியடைய வேண்டியிருந்தார்கள். யாருடைய ஆன்மா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

"இதுல ரெண்டு பேரும் இருக்கமே" என்றார் அப்பா. "எவன் போனான்னு நினைச்சிக்கினு இருப்பாங்க?"

நான் டாக்டர் சொன்னதிலிருந்து கடைக்காரர் சொல்லாதது வரை எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டேரிப்பட்டில் விழுந்ததை அதுவரை அவரிடம் மறைத்திருந்தோம். அதையும் மனைவி சொல்லிவிட்டாள். அப்பா அவளுடைய முழங்காலைப் பார்த்தார். பிறகு கட்டிலைக் காட்டி, "அத மாட்டிக்கினு படு. நான் பார்க்கணும்" என்றார்.

எண்பத்து நாலு வயது அப்பாவுக்கு முன்னால், பட்டப்பகலில், முகமூடி கட்டிக்கொண்டு தூங்கிக் காட்டுவது எப்படி இருக்கும் என்பதை அனுபவித்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். முடியாது என்று நினைத்துக்கொண்டேதான் படுத்தேன். பஸ் களைப்போ என்னவோ, தூங்கிப்போனேன். விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அப்பா நாற்காலியைக் கட்டிலுக்கு ஒட்டிப் போட்டுக்கொண்டு, முழங்காலில் கை ஊன்றி, என் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மத்தியானம் தூங்காமல் இருந்து நான் பார்த்ததில்லை.

"ஒரு தடவ கூட நிக்கல" என்றார்.

மாஸ்க்கைக் கழற்றினேன். அவரைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று தோன்றியது. "வேற மாடல் ஏதாவது இருக்குதான்னு சென்னையில கேட்டுப் பார்க்கறேன்பா. மீசைய திரும்ப வளர்த்துடறேன்" என்றேன். கதவருகே நின்றிருந்த தங்கை, "அதச் செய்ணா முதல்ல" என்றாள்.

அப்பா அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"என் கருமாதிக்கு எடுக்கணும்னு மீசைய வெச்சிக்கினு, நீ முன்னாடி போயிட்டீன்னா எனக்கு எவன்டா கொள்ளி வெப்பான்? நான் பெத்தது ஒத்தப் பிள்ள."

தங்கை உள்ளே போய்விட்டாள். எனக்குத் தொண்டை அடைத்தது. இந்த முறை எந்த மெஷினும் அதைத் திறந்திருக்காது. அப்பா முன்னால் அழுது நாற்பது வருடம் இருக்கும். அழுதேன். அவர் அதைப் பார்க்காதது போல மாஸ்க்கைக் கையில் எடுத்து, ரப்பர் ஓரத்தை ஒரு சுற்று தடவிப் பார்த்தார். அப்புறம் கையை நீட்டி, ஒரே நாளில் சொரசொரப்பாக முளைத்திருந்த என் மேலுதட்டைப் பெருவிரலால் தேய்த்தார்.

"முளைக்குது பாரு" என்றார். "தெனம் காலையில எடுத்துடு. ஒரு நாளும் விடாத."